குமரிமுனை சுற்றும் படகுக்கு எந்தப் பாய்?

பொழியூரிலிருந்து நீரோடிக்குக் கடற்கரை வழியே நடப்பவருக்குக் கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது மணலைப் பார்த்தால் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, நெய்யாற்றின்கரை வட்டத்தை ஒரு பக்கமும் விளவங்கோடு வட்டத்தை மறுபக்கமும் நிறுத்தியது. பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் கடல்தொழிலும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே காற்றை நம்பித்தான் கடலில் இறங்கினார்கள். விடியுமுன் கரைக்காற்றில் கட்டுமரத்தைத் தள்ளுவார்கள். வெயில் ஏறியபின் கடல்காற்று எழும்பும்போது பாய் விரித்துத் திரும்புவார்கள். 1980களின் தொடக்கத்தில் அவுட்போர்டு மோட்டார் வந்தது. அதே காலத்தில் கிழக்கே முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே ஒட்டுப்பலகையில் படகு கட்டும் முறையைப் பரப்பினார். சில ஆண்டுகளுக்குள் மண்ணெண்ணெய் முன்னுக்கு வந்து, பாய் பின்னுக்குப் போனது.

இன்று இந்தக் கரைக்கு வெளியே பெரிய பாய் விரித்துப் போகிறவை பெரும்பாலும் நெடும்பயண யாட்டுகள். கொச்சி போல்காட்டி மரினாவில் தங்கும் படகுகள் தெற்கே இறங்கி, விழிஞ்ஞம், பூவார், பொழியூர், தூத்தூர் என்று கரையை இடப்பக்கம் வைத்து ஓடி, குமரிமுனையைச் சுற்றி இலங்கையின் காலிக்குப் போகின்றன. எதிர்த்திசையில் வருகிறவையும் உண்டு. இப்படிப்பட்ட படகின் உரிமையாளர் தலையில் கைவைத்து யோசிக்கும் செலவுகளில் ஒன்று, பாய்மரத்தில் ஏறும் பெரிய பாயை மாற்றுவது. 36 அடிப் படகுக்கு அது ஏறத்தாழ 30 சதுர மீட்டர் துணி. எந்த இழை, எந்த வெட்டு, எத்தனை ரீஃப், எத்தனை பேட்டன் என்று கேள்விகள் நீளும். விற்பனையாளர்கள் பேச்சை இழையில் தொடங்கி இழையிலேயே முடிப்பார்கள். எட்டு பாகை அட்சரேகையில் ஓடும் படகுக்கோ, அந்தப் பாய் எதனால் சாகும் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை.

வெயிலும் துடிப்பும்

காற்று பாயைக் கிழிப்பது அபூர்வம். பெரும்பாலான பாய்கள் துறைமுகத்தில், உறை போடாமல் கிடக்கும் நாட்களில் வெயில் தின்றே அழிகின்றன. புற ஊதாக் கதிர் பாலியஸ்டர் இழையின் மூலக்கூறுகளை அறுத்துக்கொண்டே போகும். பார்வைக்குத் துணி நன்றாக இருக்கும், பலம் போயிருக்கும். துணிக்கு முன்பே தையல் நூல் போய்விடும். துணியின் பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் வெயிலும் உரசலும் முதலில் அதைத்தான் பிடிக்கின்றன. இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. வெயில் அதிகம் படும் இடத்தில், அதாவது மடித்து வைத்த பாயின் மேல்மடிப்பில், தையலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பார்க்க வேண்டும். நூல் அறுந்து பொடியாக வந்தால் தையல் போய்விட்டது. அதன் பக்கத்துத் துணியை ஊசியால் குத்தி இழுத்தால் கிழிகிறது என்றால் துணியும் போய்விட்டது. முதலாவது மட்டும் என்றால் மறுதையல் போதும், புதுப்பாய் வேண்டாம்.

இரண்டாவது எமன் துடிப்பு. பாயை ஏற்றும்போதும் இறக்கும்போதும், காற்றுக்கு நேரே படகின் மூக்கைத் திருப்பி நிறுத்தும்போதும் பின்னோரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் துணி கூர்மையாக மடிகிறது, நிமிர்கிறது. மணிக்கணக்காகத் துடித்த பாயின் பின்னோரம் கந்தலாகும். பாயின் வயிறும் இடம் மாறும். புதுப்பாயில் ஆழமான வளைவு நடுவுக்குச் சற்று முன்னே இருக்கும். துணி தளர்ந்ததும் அந்த வயிறு பின்னால் நகர்கிறது. காற்று படகை முன்னே தள்ளுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சாய்க்கத் தொடங்கும், சுக்கான் கனக்கும். படகு முன்போல ஓடவில்லை, கை வலிக்கிறது என்று சொல்லும் உரிமையாளர் பல நேரம் பாயின் வயதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது ஈரம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் அக்டோபர், நவம்பரின் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கும் கரை இது. உப்பு படிந்த பாய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்னீரில் அலசிக் காயவைக்காமல் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

பாவும் ஊடையும்

பழைய கட்டுமரப் பாய் பருத்தி. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் காயவைப்பதால் செம்பழுப்பு நிறம் ஏறும், அழுகலும் தள்ளிப்போகும். காற்று மெலிந்தால் பாயின்மேல் கடல்நீரை அள்ளி வீசும் வழக்கம் இருந்தது. நனைந்த பருத்தி உப்பி, இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் அடைபடும். வடிந்துபோகும் காற்று பாயில் நிற்கும். இன்றைய பாய்த்துணி ஆலைகள் செய்வதும் அதே அடைப்புதான், வழி வேறு. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் காப்புரிமை பெற்ற பாலியஸ்டர் இழை அங்கே டெரிலீன் என்றும் அமெரிக்காவில் டேக்ரான் என்றும் பெயர் பெற்றது. அதை நெருக்கமாக நெய்து, சூட்டில் சுருக்கி, பிசின் ஏற்றி, உருளைகளுக்கு இடையே அழுத்தினால் காற்றுப் புகாத பாய்த்துணி கிடைக்கும்.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கும் பலராமபுரத்தில் இதன் அடிப்படையைக் கண்ணால் பார்க்கலாம். திருவிதாங்கூர் மன்னர் பலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த நெசவு அது. தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சிப்பசை ஏற்றி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தூரிகையால் நீவி விடுவார்கள். பசை ஏறிய நூல் விறைத்து நிற்கும், தறியின் இழுப்பைத் தாங்கும். பாய்த்துணியில் ஏற்றும் பிசினும் இந்தக் கஞ்சியைப் போலத்தான்: புதிதில் துணி தகடுபோல விறைப்பாக இருக்கும், கசங்கக் கசங்கப் பிசின் நொறுங்கும், நொறுங்கியபின் நெசவின் உண்மையான தரம் வெளியே வரும். மோசமாக நெய்த துணியைப் பிசினால் விறைக்க வைத்து விற்பது எளிது. இரண்டாவது பருவத்தில் குட்டு வெளிப்படும். வாங்குகிறவர் துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி, கையில் நன்றாகக் கசக்கிவிட்டு, மூலைக்கு மூலை இழுத்துப் பார்க்க வேண்டும். பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் எல்லாத் துணியும் தாங்கும். குறுக்குச் சாய்வில் எவ்வளவு நீள்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரியும்.

எடையும் முக்கியம். பாய் தைப்பவர்கள் பேசும் அவுன்ஸ் கணக்கு தனி. அதில் ஓர் அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 43 கிராம். 36 அடி நெடும்பயணப் படகின் பெரிய பாய்க்கு 7 முதல் 8 அவுன்ஸ் துணி வழக்கம், அதாவது சதுர மீட்டருக்கு 300 முதல் 340 கிராம். கனம் கூடினால் ஆயுள் கூடும் என்று 9, 10-க்குப் போகிறவர்கள் உண்டு. தெற்குப் பெருங்கடலுக்குப் போகிற படகுக்கு அது பொருந்தும். டிசம்பர் முதல் மார்ச் வரை காலையில் மெல்லிய கரைக்காற்றிலும் மாலையில் மிதமான கடல்காற்றிலும் ஓடும் படகுக்கு அந்தக் கனம் சுமை. மெல்லிய காற்றில் பாய் விரியாமல் தொங்கும்.

நெய்த பாலியஸ்டருக்கு மாற்று இரண்டு. ஒன்று, பிளாஸ்டிக் படலத்தின் இருபுறமும் இழைகளை ஒட்டிச் செய்யும் லேமினேட். எடை குறைவு, வடிவம் மாறாது. பந்தயப் படகுகள் அதைத்தான் விரும்புகின்றன. ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் கரையில் அதன் அடுக்குகள் பிரியும், நடுவில் பூஞ்சை புகும். புகுந்த பூஞ்சையை வெளியே எடுக்க வழியில்லை. கெவ்லார் இழை வெயிலில் பாலியஸ்டரைவிட வேகமாகப் பலமிழக்கிறது. மற்றொன்று, பாலியஸ்டர் நெசவில் டைனீமா இழைகளைக் கலந்தது. ஜெர்மனியின் டைமென்ஷன்-பாலியன்ட் ஆலை ஹைட்ராநெட் என்ற பெயரில் தருவது இந்த வகை. டைனீமா வெயிலைத் தாங்கும், நீளாது. படலம் இல்லாததால் அடுக்கு பிரியும் பேச்சே இல்லை. இந்த வெயிலுக்கு உண்மையிலேயே பொருந்தும் உயர்துணி இதுதான். ஆனால் விலை சாதாரண டேக்ரான் பாயைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை போகும். வருடம் முழுவதும் படகிலேயே வாழ்ந்து ஆயிரக்கணக்கான கடல்மைல் ஓடுகிறவருக்குக் கணக்குச் சரிவரும். வார இறுதியில் கொச்சியிலிருந்து வெளியே போய்வருகிறவருக்கு வராது.

வெட்டு

துணியைத் துண்டுகளாக்கி இணைக்கும் முறை இரண்டு. கிராஸ்-கட் முறையில் பட்டைகள் பாயின் பின்னோரத்துக்குச் செங்குத்தாகக் கிடக்கும். பாயில் மிகப் பெரிய இழுப்பு கீழ்ப் பின்மூலையிலிருந்து உச்சிக்குப் பின்னோரம் வழியாக ஓடுகிறது. அந்த இழுப்பு ஊடை நூலின்மேல் விழும்படி இந்த வெட்டு அமைகிறது. அதனால்தான் இதற்கென நெய்யும் துணியில் ஊடையைத் தடிமனாக, நெளிவில்லாமல் நேராக வைக்கிறார்கள். மூன்று மூலைகளிலிருந்தும் விசிறிபோல் பட்டைகள் விரியும் ட்ரை-ரேடியல் வெட்டில் பாவு நூல் இழுப்பை ஏற்கும். துணி வீணாவது அதிகம், தையல் அதிகம், விலையும் அதிகம். வடிவம் நெடுநாள் நிற்கும்.

டேக்ரானில் தைப்பதென்றால் கிராஸ்-கட் போதும். சாதாரண டேக்ரானை ரேடியலாக வெட்டச் சொல்லிக் கூடுதல் பணம் கொடுப்பதில் பலன் குறைவு. பாவு பலமாக நெய்த துணியில்தான் அந்த வெட்டு பேசும். கிராஸ்-கட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு. ஒரு பட்டை கிழிந்தால் அந்தப் பட்டையை மட்டும் பிரித்து எடுத்து, நேர்த்தையல் தெரிந்த எவரும் மாற்றிவிடலாம். ரேடியல் பாயின் விசிறிப் பட்டையைச் சரிசெய்ய அதை வெட்டியவரின் கணினிக் கோப்பு வேண்டியிருக்கும்.

முனையில் வீசும் வாடை

ரீஃப் என்பது காற்று மிஞ்சும்போது பாயின் அடிப்பகுதியை இறக்கி மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைக்கும் ஏற்பாடு. சாய்ந்த பருமல் கழியில் ஏறும் கட்டுமரப் பாய்க்கு இந்த வசதி இல்லை. காற்று மிஞ்சினால் ஆஞ்சான் கயிற்றை அவிழ்த்துப் பாயை இறக்க வேண்டியதுதான். யாட்டின் பாயில் இரண்டு ரீஃப் பொதுவாக வரும். மூன்றாவது கூடுதல் செலவு. குமரிமுனை சுற்றும் படகுக்கு அந்த மூன்றாவது கட்டாயம் வேண்டும்.

காரணம் நிலத்தின் அமைப்பு. குளிர்மாதங்களில் வீசும் வாடைக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை இடைவெளிகளில் நெருக்கப்பட்டு வேகம் பெறும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பதும் கணவாய் காற்றை அப்படி நெருக்கிக் குவிப்பதால்தான். அதன் நீட்சி கடலிலும் உண்டு. தூத்தூர், குளச்சல் வரை கண்ணாடிபோல் கிடந்த கடல், முனை நெருங்கி மன்னார் வளைகுடா திறக்கும்போது முகம் மாறும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது: 12 நாட் காற்று 24 ஆனால் பாயின்மேல் விழும் பாரம் நான்கு மடங்கு. 15 நாட் காற்றில் முழுப்பாயோடு ஓடிய படகு ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது ரீஃபைத் தேடும் நிலை வரலாம். அப்போது பாயில் அது தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பேட்டன் என்பது பின்னோரம் மடங்காமல் விறைத்து நிற்கப் பாயினுள் செருகும் பட்டை. பின்னோரத்தில் மட்டும் செருகும் குட்டைப் பேட்டன் ஒரு வகை, மரத்திலிருந்து பின்னோரம் வரை முழுநீளம் ஓடுவது மற்றொன்று. முழுப்பேட்டன் பாய் துடிப்பது குறைவு, வடிவம் நிற்கும், இறக்கும்போது விசிறிபோல் மடிந்து விழும். பின்காற்றில் ஓடும்போது பேட்டன் உறைகள் பக்கக் கம்பிகளில் உரசித் தேயும். பேட்டன்களின் முன்முனை மரத்தை அழுத்துவதால் பாய் ஏறி இறங்க நல்ல உருளைச் சக்கரங்கள் தேவைப்படும். மேலே இரண்டு முழுநீளம், கீழே இரண்டு குட்டை என்ற கலப்பு இரண்டு நன்மையையும் ஓரளவு தரும். இருவர் மட்டும் ஓட்டும் படகுக்கு ஏற்ற நடுவழி.

பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டிக்கொள்ளும் அமைப்பு இருந்தால் இந்தப் பேச்சே வேறு. பொத்தானை அழுத்தினால் பாய் உள்ளே போய்விடும். வயதான தம்பதிகளுக்கு அது பெரிய வசதி. அதற்காகப் பின்னோரத்தை உள்வளைவாக வெட்டுவார்கள், பரப்பு குறையும், கிடைப் பேட்டனுக்கு இடமில்லை. தளர்ந்து வயிறு விழுந்த பாய் சுருளும்போது மடிப்பு விழுந்து இடுக்கில் சிக்கும். அது பெரும்பாலும் காற்று மிஞ்சும் நேரத்தில் நடக்கும். இந்த அமைப்பு உள்ளவர்கள்தான் நீளாத துணிக்குப் பணம் போடுவதில் முதல் நியாயம் உள்ளவர்கள்.

நெடும்பயணங்களின் சாட்சி

துணி விவாதத்துக்கு நடைமுறைச் சாட்சிகள் இந்தியத் தொடர்புள்ள பயணங்களிலேயே கிடைக்கின்றன. 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு 1969 ஏப்ரல் 22-இல் அதே துறைக்குத் திரும்பி, தனியாக நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவரது 32 அடி சுஹைலி பம்பாயில் தேக்கில் கட்டியது. பயணத்தின் பெரும்பகுதி அவருக்கு ஊசியும் நூலுமாகவே கழிந்தது. ஒருமுறை கிழிந்த பாயைத் தைக்கும்போது மீசையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பிடுங்கித்தான் விடுபட்டார் என்பது கடலோடிகளிடையே பிரபலம். அந்தப் பத்து மாதப் பயணத்தை ஒப்பேற்றியதில் பாயின் தரத்துக்குள்ள பங்கு, அதை நடுக்கடலில் தைக்க முடிந்ததற்கும் உண்டு.

அவர் அப்போது ஓடிய பந்தயத்தின் நினைவாக 2018-இல் மீண்டும் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயம் பழைய காலத் தொழில்நுட்பத்துக்குள் நிற்கச் சொல்கிறது. கார்பன், கெவ்லார், ஸ்பெக்ட்ரா போன்ற நவீன இழைகளுக்கு அதில் தடை. கேரளத்தைச் சேர்ந்த, அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் காயமடைந்து மீட்கப்பட்டார். மீண்டும் 2022 செப்டம்பர் 4-இல் பயானட் என்ற ரஸ்ட்லர் 36 படகில் புறப்பட்டு, 2023 ஏப்ரல் 29-இல் பிரான்சின் லே சாப்ல் தொலோனில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். 16 படகுகள் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் முழு விதிகளின்படி முடித்தவர்கள் மூவர்தான்; முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர். உலகின் மிகக் கடுமையான கடலை நவீன இழைகள் இல்லாமலேயே சுற்றி முடிக்கலாம் என்பதற்கு இந்த மூவரும் சாட்சி.

2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட கடற்படைப் படகு ஐ.என்.எஸ்.வி. தாரிணியும் இங்கே பேச வேண்டியது. கோவாவின் அக்வேரியஸ் கப்பல்தளத்தில் கட்டிய 56 அடிப் படகு அது. அதில் இருந்தவர்கள் இருவரே: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. ஃப்ரீமேன்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் துறைகளில் நின்று, 2025 மே 29-இல் திரும்பினார்கள். 56 அடிப் படகின் பெரிய பாயை இரண்டு பேர் இரவும் பகலும் முறைபோட்டு ஏற்றி இறக்கி ரீஃப் போட வேண்டும் என்றால், தேர்வில் முதலிடம் யாருக்கு என்பது விளங்கும்: ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாகக் கையாளக்கூடிய பாய்க்கு.

எங்கே தைப்பது, எப்போது அளப்பது

பாய் தொழிலின் பெரிய பட்டறைகளில் ஒன்று குமரிமுனைக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. நார்த் செய்ல்ஸ் நிறுவனம் இலங்கையின் மினுவாங்கொடவில் பாய் தயாரிக்கிறது. உலகத் தரப் பந்தயப் பாய்கள் அங்கிருந்து கப்பலேறுகின்றன. துணியோ ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆலைகளிலிருந்து வருகிறது. உள்ளூர்ப் பிரதிநிதி ஓரிடம், வடிவமைப்பவர் வேறிடம், தைப்பவர் மூன்றாமிடம் என்ற நிலையில் அளவு தவறினால் பாய் திரும்பிப் போய்வர மாதங்கள் பிடிக்கும். பழைய பாயை அனுப்பி அதேபோல் தைக்கச் சொல்வது மோசமான வழி. நீண்டு தளர்ந்த பாயின் அளவு புதுப்பாய்க்குப் போய்விடும். பாய்மரத்தில் பாய் ஏறக்கூடிய உச்சப் புள்ளியிலிருந்து கீழ்க்குறுக்குமரம் வரையும், மரத்திலிருந்து பின்முனை வரையும் எஃகு நாடாவை ஏற்றி இறுக்கி அளக்க வேண்டும். மரம் பின்னோக்கி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையும் அளந்து கொடுக்க வேண்டும். அந்த வளைவுக்கு ஏற்பத்தான் பாயின் முன்னோரத்தை வெட்டுவார்கள்.

இதற்கான காலம் ஏப்ரல், மே. படகோட்டும் பருவம் முடிந்து, தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்குமுன் அளந்து அனுப்பினால், மழை மாதங்களில் படகு ஒதுங்கிக் கிடக்கும்போது பாய் தைத்து வந்து டிசம்பருக்குத் தயாராகிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இந்தக் கரையில் ஓடும் பெரும்பாலான நெடும்பயணப் படகுகளுக்கு விடை ஆடம்பரமில்லாதது: நல்ல ஆலையின் 7 அல்லது 8 அவுன்ஸ் டேக்ரான், கிராஸ்-கட், மூன்று ரீஃப், மேலே இரண்டு முழுநீளப் பேட்டன். உயர்துணியில் மிச்சமாகும் பணத்தை மூன்று இடத்தில் போடலாம். வெயில் தாங்கும் பி.டி.எஃப்.இ. நூலில் மும்மடிப்புத் தையல் ஒன்று. பக்கக் கம்பி உரசும் இடங்களில் ஒட்டுத்துணி இரண்டாவது. பாய் இறங்கிய கையோடு மூடக்கூடிய, தடித்த அக்ரிலிக் துணியில் செய்த உறை மூன்றாவது. பாயின் ஆயுளை இந்த மூன்றில் அதிகம் நீட்டுவது அதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போதே தைப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு. பாய்க்கு வெட்டிய அதே சுருளிலிருந்து இரண்டு மீட்டர் துணி, அதே நூலில் ஒரு கண்டு, ஒட்டும் துணிப்பட்டை ஒரு சுருள், தடித்த ஊசிகள், உள்ளங்கைத் தோலுறை, எந்தப் பட்டை எந்த அளவு என்று குறித்த வரைபடத்தின் நகல். இவை படகில் இருந்தால் கிழிசலோடு கொச்சிக்குத் திரும்ப வேண்டியதில்லை. விழிஞ்ஞத்தில் நங்கூரம் போட்டு, ஒரு பிற்பகலில் தைத்து முடிக்கலாம்.